பேர்போன கோப்புகள்

2012ஆம் ஆண்டைத் தென் மாவட்டங்களில் கழித்தவர்களிடம் மின்வெட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும் மாணவிகளில் பலர் அப்போது சிறுமிகளாக இருந்திருப்பீர்கள் என்பதால் மட்டும் சொல்கிறேன். சென்னைக்கு நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். இருக்கிற நேரத்திலும் கண்ணைச் சிமிட்டுவது போல இரண்டு மூன்று தடவை போய்ப் போய் வரும். முந்தைய ஆண்டுதான் அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அவை வந்து இறங்கிய வீடுகளில் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் மறுவாழ்வு கிடைத்திருந்தது.

கரண்ட் வந்ததும் தெரு முழுக்க ஒரே சமயத்தில் சத்தம் எழும். பெண்கள் மாவாட்ட ஓடுவார்கள், தண்ணீர் மோட்டார் போட ஓடுவார்கள், பள்ளிக்கூடச் சீருடைக்கு இஸ்திரி போட ஓடுவார்கள். ஆண்கள் டி.வி.யைப் போட்டுவிட்டு உட்காருவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதால் வோல்டேஜ் சரிந்து டியூப்லைட் எரியாது. எங்கள் வீட்டில் இந்த வரிசையில் இன்னொரு பொருளும் நின்றது: என் கம்ப்யூட்டர்.

அதில் இருந்தவை குரல்கள். கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் சிறுவயதிலிருந்து வேலை பார்த்த பெண்களைத் தேடிப் போய்ப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான். விடியுமுன் கிராமத்துக்கு வரும் ஆபீஸ் பஸ்ஸில் தூங்கி வழிந்தபடி ஏறியவர்கள். சட்டத்தில் குச்சி அடுக்கியவர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டியவர்கள். 1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி செய்வதைச் சிறுவர்களுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் வைத்தது. அதற்கு முன்பும் பின்பும் இந்தப் பெண்களின் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நிறுவனம் எதுவும் பணம் தரவில்லை. ஒரு சின்ன ரெக்கார்டர், ஒரு நோட்டு, டவுன்பஸ், அவ்வளவுதான்.

மொத்தம் 61 பதிவுகள். முதல் 38ஐயும் டி.வி.டி.யில் போட்டு மதுரையில் இருக்கும் தோழி ஒருத்தியிடம் கொடுத்திருந்தேன். மீதி 23 கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தன.

ஒரு ஐப்பசி இரவு, ஐந்தே நிமிடத்துக்குள் மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. யு.பி.எஸ். இருந்தது. அதன் வயிற்றுக்குள் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி ஒன்று. கம்ப்யூட்டரை ஒழுங்காக நிறுத்திக்கொள்ளப் பத்து நிமிடம் தருவதற்கென்றே செய்யப்பட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற அதற்குப் பல மணி நேரம் வேண்டும். ஒரு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகிற ஊரில் அது ஒரு நாளும் வயிறாரச் சாப்பிட்டதில்லை. அரைவயிற்றோடு திரும்பத் திரும்ப வேலைக்கு இழுக்கப்பட்ட பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து அது செத்துப்போகும். எங்களுடையது செத்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை கரண்ட் வந்தபோது திரையில் கறுப்பு. அதன் மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வரி, சூப்பர்பிளாக்கைப் படிக்க முடியவில்லை என்று.

என்ன நடந்திருக்கும் என்று பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஃபைல் சிஸ்டம் என்பது ஹார்ட் டிஸ்க்கின் கணக்குப் புத்தகம். எந்தக் கோப்பு எந்த இடத்தில் கிடக்கிறது, எந்த இடம் காலி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். என் கம்ப்யூட்டரில் இருந்தது உபுண்டு. அதன் ஃபைல் சிஸ்டத்துக்கு எக்ஸ்ட்4 என்று பெயர். பழைய கடைக் கணக்கு பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். எந்த மாற்றத்தையும் முதலில் சிட்டையில் குறித்துக்கொண்டு, அப்புறம்தான் பேரேட்டில் ஏற்றும். பாதியில் கரண்ட் போனால், மறுபடி வரும்போது சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். சாதாரண மின்வெட்டை இப்படித்தான் அது நூறு தடவை தாண்டி வந்திருக்கும். ஆனால் ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளேயே ஒரு சின்ன நினைவகம் உண்டு. வட்டில் எழுதுமுன்பே ‘எழுதிவிட்டேன்’ என்று சில சமயம் அது சொல்லிவிடும். சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவே கரண்ட் போனால் சிட்டையும் பொய், பேரேடும் பொய். எழுதிக்கொண்டிருக்கும்போதே வோல்டேஜ் சரிந்தால் அந்த இடமே படிக்க முடியாதபடி ஆகிவிடக்கூடும். எங்கள் டிஸ்க்கில் இரண்டும் நடந்திருந்தது போலிருக்கிறது.

விஷயத்தைக் கேள்விப்பட்ட அத்தனை பேரும் முதலில் கேட்டது ஒன்றுதான்: ‘பேக்கப் எடுக்கலையா?’ அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பழக்கமானது. ராத்திரி நேரத்தில் அந்தப் பக்கம் ஏன் போனாய் என்று கேட்பார்களே, அதே தொனி. முந்தைய ஆண்டு தாய்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஹார்ட் டிஸ்க் செய்யும் ஆலைகள் மூழ்கி, உலகம் முழுக்க விலை ஏறிக் கிடந்தது. பாங்காக் பக்கத்து வெள்ளம் கோவில்பட்டியில் ஒருத்தியின் வீட்டுச் செலவுக் கணக்கில் வந்து நிற்கும் என்பதை அந்தக் கேள்வி கேட்டவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு; கெட்டிக்காரன்தான். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “பார்ட்டிஷன் போயிருச்சுக்கா. பார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தந்திரட்டா?” என்றான். உள்ளே இருப்பது வேண்டும் என்றேன். “உள்ள என்னக்கா இருந்துச்சு, கல்யாண போட்டோவா?” என்றான். பிறகு, ரெக்கவரி சாப்ட்வேர் போட்டுப் பார்க்கலாம், டிஸ்க்கை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், வீட்டில் சாரை ஒரு தடவை போன் பண்ணச் சொல்லுங்கள், அவரிடம் விளக்கிச் சொல்லிவிடுகிறேன் என்றான். சாருக்கு என்ன விளக்கப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. டிஸ்க்கை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அந்த டிஸ்க்கில் இருந்தவை, கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னவை. மேஸ்திரி என்ன செய்தான், மாமனார் என்ன செய்தார், எந்தக் குழந்தை எப்படிக் கலைந்தது. ஒரு கடையின் மேஜை மேல், நான்கு பேர் வந்து போகிற இடத்தில், அவை ஸ்பீக்கரில் ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். ரெக்கவரி செய்கிறவர் கோப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் திறந்துதான் ஆகவேண்டும். அது தொழில். அந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டால் மட்டுமே அந்தக் கதவு சாத்தியபடி இருக்கும்.

மதுரைத் தோழி ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்கிறவள். போன் போட்டதும் அவள் சொன்ன முதல் வாக்கியம்: “அந்த டிஸ்க்ல இனி ஒரு எழுத்துகூட எழுதாதே. ஆன் பண்ணாதே.” அடுத்த நாள் மதுரை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பார்சல் வந்தது. 500 ஜி.பி. காலி டிஸ்க் ஒன்று, உபுண்டு சி.டி. ஒன்று, தினத்தாளில் சுற்றிய ஒரு புது யு.பி.எஸ். பேட்டரி. “நீயே வந்து செஞ்சு குடுத்திரேன்” என்று கெஞ்சினேன். “நான் போன்ல இருக்கேன். நீ அடி” என்றாள்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலரி அரோரா என்று ஒரு பெண். ஃபைல் சிஸ்டம்களை வடிவமைப்பதும் திருத்துவதும் அவர் தொழில். வால் ஹென்சன் என்ற பழைய பெயரில் எழுதிவந்த நாட்களில், 2006இல், சிலரோடு சேர்ந்து ஒரு யோசனையை முன்வைத்தார். டிஸ்க் பெரிதாகப் பெரிதாக அதைச் சோதித்துச் சரிசெய்யும் நேரமும் பெருத்துக்கொண்டே போகிறது. ஃபைல் சிஸ்டத்தையே சிறு சிறு கூறுகளாகப் பிரித்து வைத்தால், ஒரு கூறு கெட்டால் அதை மட்டும் சரிபார்த்தால் போதுமே என்பது அது. கெடும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, சரிசெய்வதற்கு வசதியாகக் கட்டுவது. வீட்டை நடத்துகிற யாருக்கும் இதில் புதுமை தெரியாது. அதே பெண்தான் 2002இல், லினக்ஸ் உலகத்துக்குப் பெண்கள் வர என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு வழிகாட்டியும் எழுதினார். அதில் உள்ள ஒரு அறிவுரை: ஒரு பெண் சந்தேகம் கேட்டால் அவள் கையிலிருந்து கீபோர்டைப் பிடுங்காதீர்கள். 2011இல் திறமூல உலகில் பெண்களுக்காக ‘அடா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பையும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தொடங்கினார்.

கீபோர்டைப் பிடுங்குகிற கையை நமக்கெல்லாம் தெரியும். “தள்ளு, நான் பண்ணித் தரேன்” என்று அண்ணன் சொல்வான், கணவர் சொல்வார், இப்போது மகன் சொல்கிறான். அன்பாகத்தான் சொல்கிறார்கள். வேலை முடிந்துவிடும். அடுத்த தடவையும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும். என் தோழி அந்த வழிகாட்டியைப் படித்திருந்தாளா என்று தெரியாது. அவள் மதுரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

முதல் வேலை, கெட்டுப்போன டிஸ்க்கை அப்படியே படி எடுப்பது. டி.டி.ரெஸ்க்யூ என்று ஒரு நிரல். டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போகும். படிக்க முடியாத இடம் வந்தால் மல்லுக்கட்டாமல் தாண்டிவிட்டு, நல்ல பகுதியை எல்லாம் முதலில் காப்பாற்றிக்கொண்டு, கடைசியில் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடித்தது, எதெல்லாம் பாக்கி என்பதை ஒரு தனிக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். நிறுத்தினாலும் அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு அந்த நிரலை ரொம்பப் பிடித்துப்போனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு, நடுவில் ஒரு பத்தி எழுதி, குக்கர் சத்தத்துக்கு எழுந்து போய், மறுபடி வந்து அந்தப் பத்தியில் எங்கே நின்றோம் என்று தேடுகிற ஒருத்தியின் மனசு தெரிந்த யாரோ எழுதியது போல இருந்தது.

320 ஜி.பி.யைப் படியெடுக்கக் கரண்ட் இருந்த நேரங்களை எல்லாம் கூட்டினால் பதினோரு மணி நேரம் ஆனது. நாட்காட்டியில் நான்கு நாள். கரண்ட் போகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்திவிடுவேன். சொல்லாமல் போனால் புது பேட்டரி தாங்கியது. கிரைண்டர் ஓடினால் வோல்டேஜ் சரிகிறது என்று முதல் நாளே அத்தையிடம் சொன்னேன். என் மாமியார் அதிகம் பேசுகிறவர் இல்லை. அடுத்த மூன்று நாளும் ஆட்டுக்கல்லில் மாவாட்டினார். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை, என்னைச் சொல்லவிடவும் இல்லை.

படி முடிந்ததும் மூல டிஸ்க்கைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்தேன். இனி எல்லாச் சோதனையும் படியின் மேல்தான்.

சூப்பர்பிளாக் என்பது அந்தக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம். மொத்தம் எவ்வளவு இடம், எப்படிப் பிரித்திருக்கிறது என்கிற விவரம் அதில் இருக்கும். அது போனால் புத்தகத்தையே திறக்க முடியாது. ஆனால் இதைச் செய்தவர்கள் விவரமானவர்கள். கடுகு டப்பாவில் கொஞ்சம், அரிசிப் பானையில் கொஞ்சம், பட்டுச்சேலை மடிப்பில் கொஞ்சம் என்று நம் வீட்டுப் பெண்கள் பணம் ஒளித்து வைப்பது போல, முதல் பக்கத்தின் நகலை டிஸ்க்கின் பல இடங்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். என்னுடையது போன்ற டிஸ்க்கில் முதல் நகல் இருப்பது 32768ஆவது பிளாக்கில். அடுத்தது 98304இல். அதற்கடுத்தது 163840இல். தோழி சொல்லச் சொல்ல நாட்காட்டித் தாளின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். “ஐஃபன் பி, ஒரு இடம் விடு, மூணு ரெண்டு ஏழு ஆறு எட்டு.” என்டர் தட்டினேன். முதல் நகலே நன்றாக இருந்தது.

சோதனை நிரல் ஒவ்வொரு பழுதாகக் காட்டி, சரிசெய்யட்டுமா, சரிசெய்யட்டுமா என்று கேட்கத் தொடங்கியது. நகல்தானே என்கிற தைரியத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஒய்’ என்றேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரே நாளில் இத்தனை தடவை சரி, சரி என்று சொன்னது அன்றுதான். கடைசியில் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு முடிந்தது என்றது.

என் அடைவுகள் எதுவும் இல்லை. ஊர்வாரியாகப் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்கள் போய்விட்டன. ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ என்று எப்போதும் காலியாகக் கிடக்கும் ஒரு அடைவு மட்டும் நிரம்பி வழிந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான கோப்புகள். எதற்கும் பெயர் இல்லை. சதுரங்கக் கட்டம் போன்ற ஒரு குறி, அதன் பின் ஏழு இலக்க எண். அவ்வளவுதான்.

இது எனக்கு விநோதமாக இருந்தது. கோப்பு முழுசாக இருக்கிறது, பெயர் மட்டும் எப்படிப் போகும்? தோழி விளக்கினாள். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்று ஒரு குறிப்பு உண்டு. கோப்பின் அளவு, யாருடையது, கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, டிஸ்க்கில் எங்கெங்கே கிடக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். பெயர் இருக்காது. பெயர் அந்தக் கோப்பின் சொத்து இல்லை. அது இருக்கிற அடைவு வைத்துக்கொள்கிற சொத்து. அடைவு அழிந்தால் பெயரும் அழியும். கோப்பு எண்ணாக எஞ்சும்.

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐநோட்டில் தேதி இருந்ததால் பாதி வேலை சுலபமாக முடிந்தது. இன்ன தேதி இன்ன ஊர் என்று பொருத்திவிடலாம். ஆனால் ஒரே ஊரில் ஒரே நாளில் நாலு பேரிடம் பேசியிருப்பேன். யார் எது என்று தெரிய, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

எல்லாப் பதிவும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கும். உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று என் குரல். அதற்கு வந்த பதில்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். “பேரா? டிரைவர் சம்சாரம்னு போட்டுக்கோ.” “பேரு கெடக்கு போ தாயி, பெரியவன் அம்மான்னா எல்லாருக்கும் தெரியும்.” “மேலத்தெரு மருமவன்னு எழுதிக்கோ.” ஒருவர் சிரித்துவிட்டு, ஆபீஸில் தனக்குப் பெயரே கிடையாது என்றார். பத்து வயதில் வேலைக்குப் போனபோது பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. அதிகாரி வருகிறார் என்றால் பின்வாசல் வழியாக ஓடச் சொல்வார்கள். பேர் இருந்தால்தானே மாட்டுவோம் என்று அவரே விளக்கமும் சொன்னார். அறையில் மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு, எண்கள் மட்டுமே இருக்கிற ஒரு பட்டியலின் முன்னால் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நான் அதை ஒரு உவமையாக்க விரும்பவில்லை. அந்த அம்மாவுக்கு அது உவமை இல்லை.

பெயர் கிடைக்காத இடங்களில் மற்றச் சத்தங்கள் உதவின. பின்னணியில் கோழி கத்தினால் இன்ன வீடு. பெட்டி ஒட்டிக்கொண்டே பேசியவரின் பதிவில் தாள் மடிகிற சத்தம் சீராக, கடிகாரம் போல விழுந்துகொண்டிருந்தது. நாற்பது நிமிடத்தில் அது ஒரு இடத்தில்தான் நின்றது. தன் தங்கையைப் பற்றிச் சொல்லும்போது.

ஒரு குரலை மட்டும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஹெட்போன் இல்லாமல் மறுபடி ஓடவிட்டபோது, திண்ணையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே, “இது எங்க ஊரு கெழக்குத் தெருக்காரி. எங்கூட ஒரே பஸ்ல வருவா” என்றார்.

“எந்த பஸ் அத்தை?”

“ஆபீஸ் பஸ்தான். நானும் மூணு வருசம் குச்சி அடுக்கப் போனேன்ல.”

அந்த வீட்டுக்கு நான் வாழ வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அத்தை முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் குரலைப் பதிவு செய்ய இன்றுவரை சம்மதிக்கவில்லை. காரணம் கேட்டால், “எனக்கு என்ன இருக்கு சொல்ல” என்கிறார்.

இப்படியாக 23இல் 15 கிடைத்தன. மீதி எட்டுக்கு வேறு வழி. ஃபோட்டோரெக் என்றொரு நிரல். பெயரைப் பார்த்துப் போட்டோவுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், பல வகைக் கோப்புகளையும் தேடும். அது கணக்குப் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரே களத்தில் இறங்கி, டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதியையும் தொட்டுப் பார்த்து, இது ஒரு படத்தின் தொடக்கம் போல இருக்கிறது, இது ஒரு ஒலிக்கோப்பின் தொடக்கம் போல இருக்கிறது என்று அள்ளிப் போடும். நெல் சிதறிய களத்தில் கூட்டிப் பெருக்குவது போல. என் பதிவுகள் எம்.பி.3 வடிவத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று. எம்.பி.3 என்பது ஒரே நீளத் துணி இல்லை. ஏறக்குறைய 26 மில்லி செகண்ட் ஒலிக்கு ஒரு துண்டு என்று ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளின் மாலை அது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் அடையாளம் உண்டு. அதனால் நடுவிலிருந்து கிடைத்தாலும் பாடும், முனை அறுந்திருந்தாலும் பாடும்.

பெருக்கியதில் பழைய சினிமாப் பாட்டுகள், என்றோ வந்து போன செய்தித் துணுக்குகள், மகன் விளையாட்டாகப் பதிவு செய்த பூனைச் சத்தம் எல்லாம் வந்தன. எட்டில் ஆறு வந்தன. ஒன்றுக்குத் தொடக்கம் இல்லை, இன்னொன்றுக்கு முடிவு இல்லை. இரண்டு வரவே இல்லை. கெட்டுப்போன இடங்களில் அவை இருந்திருக்கலாம். அந்த இருவரிடமும் மறுபடி போய்க் கேட்டேன். ஒருவர் முழுசாக மறுபடி சொன்னார், முதல் தடவையைவிடக் கோபமாக. மற்றவர், ஒரு தரம் சொன்னதே போதும் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஆனால் வந்த குவியலில், நான் தேடாத ஒன்றும் இருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியம்மாவிடம் பேசியிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் பையில் புளியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். புளி ஒரு சாக்கு. “நான் சொன்னத அழிச்சிரு தாயி. ராத்திரி தூக்கம் வரல” என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கண்முன்னே அழித்தேன். குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். திரையிலிருந்து பெயர் மறைந்ததைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக எழுந்து போனார். அதில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் குரல் இப்போது என் அறையில் பேசிக்கொண்டிருந்தது.

அழி என்று சொன்னால் கம்ப்யூட்டர் செய்வது, அடைவிலிருந்து பெயரை எடுப்பது, அந்த இடம் இனி காலி என்று கணக்கில் குறிப்பது. எக்ஸ்ட்4 இன்னும் ஒரு படி மேலே போய், கோப்பு எங்கே கிடக்கிறது என்கிற குறிப்பையும் துடைத்துவிடும். ஆனால் அந்த இடத்தில் இருப்பதைத் தொடாது. வேறு ஏதாவது அதன் மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். நான் பத்திரமாக வைத்தவை தொலைந்திருக்க, ஒருத்தி வேண்டாம் என்று கேட்டு அழித்தது அப்படியே முழுசாக இருந்தது. கடையில் டிஸ்க்கை விட்டுவிட்டு வந்திருந்தால் அந்தத் தம்பியும் இப்படி ஒரு நிரலைத்தான் ஓட்டியிருப்பான்.

மாணவிகள் இதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போனை ரிப்பேருக்குக் கொடுக்கிறோம், பழைய மெமரி கார்டைத் தம்பிக்குக் கொடுக்கிறோம், பென்டிரைவை ஜெராக்ஸ் கடையில் செருகுகிறோம். அழித்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். இன்றைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பதைப் பூட்டிய மொழியில்தான் வைக்கின்றன, முழுதாக ரீசெட் செய்தால் சாவியே போய்விடும். மெமரி கார்டும் பென்டிரைவும் பொதுவாக அப்படி இல்லை. அவற்றில் அழித்ததை எடுக்க மந்திரவாதி தேவையில்லை; இலவச நிரல் ஒன்றும் ஒரு மதிய நேரமும் போதும். அழிய வேண்டும் என்றால் அதன் மேல் வேறு எதையாவது நிரப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பெண்களை மிரட்டியவர்கள் இருக்கிறார்கள். நாமும் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

கிடைத்த 21 பதிவுகளையும் டி.வி.டி.யில் இரண்டு செட் போட்டேன். தோழியின் டிஸ்க்கை முழுவதும் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பெரியம்மாவின் குரல் மட்டும் ஒரு பென்டிரைவில் இருந்தது. அதை நானே சத்தமில்லாமல் அழித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் அழிக்கச் சொன்னது அழியாமல் இருந்தது என்பது அவருக்குச் சேர வேண்டிய செய்தி என்று பட்டது. ஆள் விட்டுச் சொன்னேன். வந்தார். அதே மஞ்சள் பை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்போ அது உள்ளயேதான் இருந்திருக்கு” என்றார். ஆமாம் என்றேன். “யாரும் கேட்டாகளா?” இல்லை, நான் மட்டும், அதுவும் முதல் இரண்டு நிமிடம் என்றேன். “சரி. நான் ஒரு தரம் கேட்டுக்கிடுதேன். பெறவு அழி.”

ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். ஐம்பத்திரண்டு நிமிடம். அத்தை வாசலில் உட்கார்ந்து யாரையும் உள்ளே விடவில்லை. திரும்பி வந்தபோது பெரியம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நல்லாத்தான் சொல்லிருக்கேன்” என்றார். வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

பென்டிரைவில் பூஜ்ஜியம் நிரப்பச் சில நிமிடம்தான் ஆனது. என்டரை அவரையே தட்டச் சொன்னேன். பிறகு பீரோவிலிருந்து பழைய டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். அது இரண்டு மணி நேரம் எடுக்கும், பஸ் போய்விடும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “முடியட்டும், இருக்கேன்” என்றார். அத்தையோடு உட்கார்ந்து கல் பொறுக்கினார். நடுவில் ஒரு தடவை கரண்ட் மினுக்கியது; பேட்டரி தாங்கியது.

முடிந்ததும் கேட்டார், இனி யாராலயும் எடுக்க முடியாதே என்று. நல்ல இடங்களில் எல்லாம் முடியாது, கெட்டுப்போன சில இடங்களில் மட்டும் எழுதவும் முடியவில்லை, அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன்.

“அப்போ அத எங்கிட்டக் குடு.”

கழற்றிக் கொடுத்தேன். கையில் வாங்கி எடை பார்ப்பது போல ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பைக்குள் போட்டு, வாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.